நாச்சியார் டீச்சர் முடிக்கு வேர் தேடிய கதை

அரைக்கால்பட்டிக்காரர்களுக்கு மூளை குறைவு என்று பக்கத்து ஊர்களில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். குறைவு என்று சொல்வதற்குக் கொஞ்சமாவது இருக்க வேண்டும்.

அந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ‘தேவலோகம் அழகு நிலையம்’ நடத்தி வந்தவள் பூங்காவனம். தன்னைச் சுற்றி முட்டாள்களாகவே இருக்கிறார்கள் என்பது அவளுடைய தீராத மனக்குறை. கணவன் ஏகாம்பரத்தைப் பார்த்தால் ஒரு பெருமூச்சு விடுவாள். கொழுந்தன் குணசீலனைப் பார்த்தால் இரண்டு. கண்ணாடியைப் பார்க்கும்போது மட்டும் அவளுக்குப் பெருமூச்சு வந்ததே இல்லை.

ஒட்டு முடி வைக்கிற தொழிலைக் கற்றுக்கொள்ள அவள் சென்னைக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தாள். முடி கொட்டிப் போனவர்களின் சொந்த முடியோடு, வேறொருவரின் நீள முடியைச் சின்னச் சின்னக் கொத்தாகச் சேர்த்துப் பொருத்துகிற வேலை அது. கை வேலையை நன்றாகவே கற்றுக்கொண்டாள். கைகளுக்கு யோசிக்கிற பழக்கம் இல்லாததால் அதில் தடங்கல் வரவில்லை.

முதல் வாடிக்கையாளர் நாச்சியார் டீச்சர். டெங்குக் காய்ச்சலில் பாதி முடியைப் பறிகொடுத்தவர். இரண்டு மாதத்தில் கல்யாணம். பூங்காவனம் இடுப்பு வரை முடி வைத்து அனுப்பினாள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள், தொட்டார்கள், லேசாக இழுத்தும் பார்த்தார்கள். யாரும் தனக்கு வைக்கச் சொல்லவில்லை. டீச்சர் தலையில் அது கல்யாணம் வரை நிற்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று போய்விட்டார்கள்.

பூங்காவனத்தின் மாமியாரும் அதையேதான் சொன்னாள். டீச்சர் முடி நின்றால் பார்லர் நிற்கும், இல்லாவிட்டால் கதவைச் சாத்திவிட்டுக் குடும்ப மாவு மில்லுக்கு வந்து மிளகாய் வற்றல் அரைக்க வேண்டியதுதான். பூங்காவனத்துக்கு மிளகாய் நெடி என்றாலே தும்மல் நிற்காது.

ஆகவே எல்லாம் அந்த ஒரு தலையில்தான் இருந்தது. முடி வைத்துக்கொண்டு போகும்போதே டீச்சர் ஒன்று கேட்டிருந்தார். கம்பெனி ஷாம்பு தன் சம்பளத்துக்குக் கட்டாது, குறைந்த விலையில் நல்லதாக ஏதாவது பார்த்து எடுத்துத் தர வேண்டும். பூங்காவனம் சம்மதித்தாள். சென்னையில் பயிற்சி கொடுத்த அம்மா இதற்கென்றே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். மறுநாள் காலை அவளும் கணவனும் கொழுந்தனும் அந்தத் தாளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

முதல் வரி: சல்ஃபேட் இல்லாத ஷாம்புவாக வாங்க வேண்டும்.

சல்ஃபேட் என்றால் என்னவென்று மூவருக்கும் தெரியாது. குணசீலன் பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் மட்டும் தவறியவன் என்பதால், அந்தப் பொருளோடு கொஞ்சம் பரிச்சயம் இருக்கும் என்று அவனை பீர் முகமது பாய் கடைக்கு அனுப்பினார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

“மதினி, பிரச்சினை தீந்துச்சு. சல்ஃபேட் இருக்கான்னு பாய்கிட்ட கேட்டேன். அப்படி ஒண்ணு நம்ம கடையிலயே கிடையாதுன்னுட்டார்.”

பூங்காவனத்துக்குப் புல்லரித்தது. ஒரு கடை முழுக்க சல்ஃபேட் இல்லை. அங்கே இருக்கிற துடைப்பம், கருவாடு, கற்பூரம் எதை எடுத்தாலும் டீச்சர் தலைக்கு ஆபத்தில்லை. இனி விலை குறைந்ததாகப் பார்த்து எடுக்க வேண்டியதுதான் பாக்கி. நுரை வருவதாக இருந்தால் நல்லது என்று ஏகாம்பரம் கருத்துச் சொன்னான். அந்தக் கடையில் நுரை வருகிறவற்றிலேயே மலிவானது பாத்திரம் விளக்கும் சோப்பு. வாங்கி வந்தார்கள்.

இரண்டாவது வரி: உப்பும் இருக்கக்கூடாது.

குணசீலன் சோப்பை நக்கிப் பார்த்தான். நாக்கைச் சுழற்றி யோசித்துவிட்டு, உப்பு இல்லை, கொஞ்சம் எலுமிச்சை மட்டும் தூக்கலாக இருக்கிறது என்றான். ஒரு ஆள் வாக்கை நம்பி முடிவெடுக்கக்கூடாது என்று ஏகாம்பரமும் ஒரு விள்ளல் கடித்து மென்றான். அன்று மாலை வரை அவன் பேசும்போதெல்லாம் வாயிலிருந்து குமிழ்கள் கிளம்பின. அவனுக்கு அது பிடித்திருந்ததால் வழக்கத்தைவிட அதிகம் பேசினான்.

மூன்றாவது வரி: எந்தப் பொருளானாலும் முதலில் ஒரு முடியில் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு தலைக்குப் போடவும்.

பள்ளிக்கூடத்துக்குப் போய், வகுப்பு நடக்கும்போதே டீச்சரின் ஒட்டு முடியிலிருந்து ஒரே ஒரு முடியை வாங்கி வந்தார்கள். குணசீலன் அதைக் கல்லில் வைத்து, சோப்பும் தேங்காய் நாரும் போட்டு ஈயச்சட்டியைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தான். அலசிப் பார்த்தபோது அது மூன்று துண்டாகக் கிடந்தது. மிளகாய் நெடி அப்போதே பூங்காவனத்தின் மூக்கில் ஏறுவதுபோல் இருந்தது.

ஏகாம்பரம் குனிந்து எண்ணினான். “ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? ஒண்ணு வச்சோம், மூணாயிருக்கு. இந்த சோப்புக்கு முடி பெருகுது.”

அவள் மறுபடி எண்ணினாள். மூன்றுதான். கணவனைக் கொஞ்சம் தாழ்வாக எடைபோட்டுவிட்டோமோ என்று அவளுக்கு முதன்முறையாகத் தோன்றியது. அந்த சோப்பை டீச்சரிடம் கொடுக்க எழுந்தே விட்டாள். தாளில் கடைசி வரி ஒன்று மிச்சம் இருந்ததால் டீச்சர் பிழைத்தார்.

கடைசி வரி இது: முடியின் வேரில் எண்ணெய் படவே கூடாது. பட்டால் ஒட்டு முடி நிற்காது.

“இந்த முடிக்கு வேர் எங்க இருக்கு?” என்று குணசீலன் கேட்டான்.

பூங்காவனம் தலையில் என்றாள். யார் தலையில் என்றான் அவன். டீச்சர் தலையில் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். டீச்சர் தலையில் இருப்பது ஒட்டின முடி. ஒட்டின முடி அங்கே எப்படி வேர் விட்டிருக்கும்? இதெல்லாம் மலைக்கோயிலில் மொட்டை போட்டவர்களின் முடி என்று சென்னை அம்மா சொல்லியிருந்தார்.

“அப்ப வேர் மொட்டை போட்ட அந்தப் பொம்பளை தலையிலதான் இருக்கு,” என்றான் ஏகாம்பரம். “அவ பாட்டுக்கு அங்க எண்ணெய் வச்சுக்கிட்டிருந்தா, நாம இங்க என்ன பார்த்து என்ன பிரயோஜனம்?”

எங்கோ முகம் தெரியாத ஒருத்தி ஒரு கை தேங்காய் எண்ணெயோடு பூங்காவனத்தின் பார்லரை அழித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த பஸ்ஸிலேயே மூவரும் மலைக்கோயிலுக்குப் புறப்பட்டார்கள்.

முடி இறக்குகிற மண்டபத்து வாசலில் சந்தனம் பூசிய தலைகளாக வந்துகொண்டிருந்தன. ஏகாம்பரம் டீச்சரின் முடித் துண்டுகளைத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டு வந்திருந்தான். ஆனால் மொட்டைத் தலையில் எதோடு ஒப்பிடுவது? குணசீலன்தான் வழி சொன்னான். புருவத்தோடு ஒப்பிடலாம். வருகிற பெண்களையெல்லாம் நிறுத்திப் புருவத்தருகே தீப்பெட்டியை நீட்டினார்கள். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருத்தியின் அண்ணன் ஏகாம்பரத்தைச் செருப்புக் கடை வரை துரத்திவிட்டுப் போனான்.

நான்காவதாக வந்தவள் சடைச்சி. ஐம்பது வயது இருக்கும். எருமைக்கு மடி வீங்கியதற்காக நேர்ந்துகொண்டு வந்தவள். புருவம் அச்சாகப் பொருந்தியது.

பூங்காவனம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, தலைக்கு எண்ணெய் வைப்பீங்களா?”

“மொட்டை போட்டவ எண்ணெய் வைக்காம? சூடு கண்ணைப் பிடுங்குமே.”

“வைக்காதீங்கக்கா. ரெண்டே மாசம். உங்க முடி எங்க டீச்சர் தலையில இருக்கு.”

சடைச்சி அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள். “அரை மணி நேரத்துக்கு முந்தி வரைக்கும் என் முடி என் தலையிலதான இருந்துச்சு. உங்க டீச்சர் தலைக்கு எப்பத்தான் போச்சு?”

பூங்காவனத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் அவளிடம் வருகிற சந்தேகங்கள் தங்க இடமில்லாமல் உடனே கிளம்பிவிடும். அதற்குள் ஏகாம்பரமும், இந்தக் காலத்தில் எல்லாமே வேகம்தான், பார்சல் எல்லாம் பறக்கிறது என்று விளக்கிவிட்டான்.

பித்துப்பிடித்தவர்கள் என்று சடைச்சிக்குப் புரிந்துவிட்டது. அவள் வீட்டில் மருமகளோடு மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நீங்கள் ஊருக்குப் போனதும் எண்ணெய் வைத்தேனா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டாள். அதற்குத் தானே கூட வந்து இருந்துவிடுவதாகவும் சொன்னாள். வாரம் இரண்டு நாள் மீன் வேண்டும் என்றாள். பூங்காவனத்துக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படி ஒரு தங்கமான வேர் யாருக்குக் கிடைக்கும்?

அரைக்கால்பட்டியில் சடைச்சிக்குத் தனி அறை ஒதுக்கப்பட்டது. பாத்திரம் விளக்கும் சோப்பை முதல் நாளே முகர்ந்து பார்த்துவிட்டுக் கொல்லையில் எறிந்தாள்.

“இது சட்டி கழுவுறது. என் தலை என்ன சட்டியா? அந்த அலமாரியில இருக்கே நீலப் பாட்டில், அதை எடு.”

அது சென்னை அம்மா மாதிரிக்குக் கொடுத்த விலை உயர்ந்த கம்பெனி ஷாம்பு. வேருக்குப் போட்டால் முடிக்குப் போட்ட மாதிரிதானே என்று எடுத்துக் கொடுத்தார்கள். தீர்ந்ததும் சென்னைக்கு எழுதி இன்னொன்று வரவழைத்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூங்காவனம் அந்த மொட்டைத் தலையை அலசி, துவட்டி, மென்மையான சீப்பால் வெறும் தோலைக் கீழிருந்து மேலாக வாரிவிட்டாள். அடுப்படிப் பக்கம் சடைச்சி போனால் தாளிக்கிற எண்ணெய் தெறித்துவிடும் என்று குணசீலன் குடை பிடித்தான். சடைச்சி மீன் முள்ளைத் துப்பியபடி, எருமைக்குக் கூட இப்படி யாரும் செய்ததில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் நான்கு முறை ஆள் அனுப்பிக் கேட்டார். எல்லாம் இங்கே நடந்துகொண்டிருக்கிறது, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று பதில் போயிற்று. அவரும் அப்படியே, வாரம் ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்திப் பின்னிக்கொண்டார். ஒட்டு முடிக்கு அதைவிட மலிவான பராமரிப்பு உலகத்தில் கிடையாது. அதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. யாருமே தேர்ந்தெடுக்கவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பூங்காவனம் டீச்சர் வீட்டுக்குப் போய் முடியை அளந்தாள். ஒரு கொத்துக் கூட விழவில்லை. அது மட்டுமா, முடி முன்னைவிட ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. டீச்சரின் சொந்த முடி வளர்ந்ததால் ஒட்டின முடி கீழே தள்ளப்பட்டிருந்தது. எந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். பூங்காவனம் ஓட்டமாக வீட்டுக்கு வந்து சடைச்சியின் தலையை அளந்தாள். அங்கே புதிதாக முளைத்திருந்ததும் சரியாக ஒரு விரற்கடை.

மூவரும் சடைச்சியின் காலில் விழுந்தார்கள். அவள் திருநீறு பூசிவிட்டாள்.

கல்யாண மண்டபத்தில் டீச்சரின் பின்னலைப் பார்க்காத பெண் இல்லை. மாமியாரே இரண்டு முறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, மாவு மில் பேச்சை எடுக்காமல் சாப்பிடப் போனாள். மறுநாள் காலை ஒட்டு முடி வைத்துக்கொள்ள பார்லர் வாசலில் ஐந்து பெண்கள் நின்றார்கள். ஐந்து பேரும் கேட்டது ஒன்றுதான்: முடி வைத்த பிறகு டீச்சருக்கு என்ன போட்டீர்கள், அதையே எங்களுக்கும் கொடுங்கள்.

பூங்காவனம் அவர்களுக்குச் சடைச்சியைக் காட்டி வேர் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு வேர் கொண்டுவர ஏகாம்பரத்தையும் குணசீலனையும் வேன் பிடித்து மலைக்கோயிலுக்கு அனுப்பினாள். சாயங்காலம் வேன் வந்து நின்றது. உள்ளேயிருந்து சந்தனம் பூசிய தலைகள் ஒவ்வொன்றாக இறங்கின. இரண்டு கிழவர்கள், சமையல் மாஸ்டர் ஒருவர், ஒரு பெண், அவள் இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தை. எல்லோருக்கும் மீன் உண்டு என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்கள்.

உடனே சண்டை ஆரம்பித்தது. கிழவர்களை யாரும் ஏற்கவில்லை. ஐந்து பெண்களுக்கும் குழந்தைதான் வேண்டும். இப்போதுதான் முளைக்கிற வேர், நெடுநாள் உழைக்கும் என்று ஒருத்தி குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

பூங்காவனம் குழந்தையை வாங்கி, தலையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உச்சியில் விரலை வைத்து முகர்ந்தாள். அவள் முகம் தொங்கிப்போயிற்று. தொழிலில் ஏமாற்றக்கூடாது என்பதில் அவள் கறாரானவள்.

“இது தினமும் எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுற குழந்தை. இந்த வேருக்கு முடி நிக்கும்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன்,” என்றாள். “வேணும்னா பாதி விலைக்கு எடுத்துக்குங்க.”