கழுத்தில் ஒரு கோடு

“யாரையும் சீண்டாம படுத்திருந்தவனை ஒரு சிலந்தி ஏன் கடிக்கணும்?”

தாண்டவராயன் குருவின் முன்னால் வந்து நின்றபடியே கேட்டார். உட்காரவில்லை. வணங்கவும் இல்லை.

அவர் கழுத்தில், காதுக்குக் கீழே தொடங்கித் தோள்பட்டை வரை, சூட்டுக்கோலால் இழுத்தது போல ஒரு சிவந்த கோடு. அதன் மேல் சின்னச் சின்னக் கொப்புளங்கள். காலையில் கண்விழித்தபோது அது அங்கே இருந்தது.

அவர் நெடுங்காலம் வக்கீலாக இருந்தவர். மனைவி இறந்த பிறகு, வயல்களுக்கு நடுவே இருக்கும் இந்த மடத்துக்கு வந்து சேர்ந்தார். குரு சடையம்மை அவரைவிட மிகவும் இளையவர். கோபம் வரும்போது மட்டும் தாண்டவராயனுக்கு அது ஞாபகம் வரும்.

தாண்டவராயன் இரவில் படுக்கும் தியான மண்டபத்துச் சுவர்களில் சிலந்திகள் இருந்தன. மண்டபத்தைப் பெருக்குவது நமசிவாயம் என்ற இன்னொரு சீடரின் பொறுப்பு. அவர் தரையைப் பெருக்குவார், சுவரை விட்டுவிடுவார். ஏன் என்று கேட்டால், கை வரவில்லை என்பார்.

அன்று காலை தாண்டவராயனே ஒட்டடைக் கம்பை எடுத்தார். குறுக்கே வந்த நமசிவாயத்தை எல்லோர் முன்னாலும் ஏசினார். சோம்பேறித்தனத்துக்குக் கருணை என்று பெயர் வைக்காதே என்றார். குற்றவாளிக்கு இடம் கொடுத்தவனும் குற்றவாளிதான், உன்னால்தான் என் கழுத்து வெந்தது என்றார்.

நமசிவாயம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். மாற்று வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு மடத்தை விட்டுக் கிளம்பினார். சாயங்கால பஸ்ஸுக்காக இப்போது சாலையோரம் உட்கார்ந்திருந்தார்.

தாண்டவராயன் கையில் ஒரு கொட்டாங்குச்சி இருந்தது. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செத்த சிலந்தி, கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தது.

“இதுதான் கடிச்சது. வயித்துக்குக் கீழ பாருங்க, வெள்ளையா, வட்டமா. விஷப் பை.”

சடையம்மை கொட்டாங்குச்சியை வாங்கினார். நெடுநேரம் பார்த்தார்.

“முட்டை” என்றார்.

தாண்டவராயன் கொட்டாங்குச்சிக்குள் எட்டிப் பார்த்தார்.

பிறகு குரல் இன்னும் உயர்ந்தது. முட்டையாகவே இருக்கட்டும், கடித்தது கடித்ததுதானே என்றார். தாய் என்பதால் குற்றம் இல்லை என்று கோர்ட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்றார். இந்த மடத்தில் பூச்சி புழுவுக்கெல்லாம் இரக்கம் உண்டு, கொப்புளத்தோடு நிற்கிற மனிதனுக்கு மட்டும் கிடையாதா என்றார்.

“கடிச்சதைப் பாத்தீங்களா?”

“தூங்கிட்டிருந்தேன்.”

“வேற யாராவது பாத்தாங்களா?”

“கடிபட்ட இடம் இதோ இருக்கு. அது சுவர்ல இருந்துச்சு. இன்னும் என்ன சாட்சி வேணும்?”

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சடையம்மை எழுந்து போய் மண்டபத்து விளக்கை ஏற்றினார். தாண்டவராயனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவர் முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

மழை விட்டிருந்தது. வயலிலிருந்து பூச்சிகள் வெளிச்சத்தைத் தேடி வந்தன. அவற்றில் ஒன்று, பார்த்தால் எறும்பு போல, சிவப்பும் கறுப்பும் மாறி மாறி, வாலைத் தூக்கிக்கொண்டு சடையம்மையின் முழங்கையில் ஊர்ந்தது. அவர் வாயால் ஊதினார். அது போயிற்று.

அதே மாதிரி இன்னொன்று தாண்டவராயனின் கழுத்தில் உட்கார்ந்தது. அவர் கை தானாக எழுந்தது.

“நில்லுங்க.”

கை கழுத்தருகே நின்றது. சடையம்மை குனிந்து அதையும் ஊதிவிட்டார்.

“இது கடிக்காது, கொட்டாது. வயல்ல நெல்லைக் கெடுக்கற புகையான் பூச்சியைத் தின்னுட்டு அது பாட்டுக்கு இருக்கும். எரியற சாறு இதோட உடம்புக்குள்ள இருக்கு. நசுக்கினாத்தான் வெளிய வரும். பட்ட உடனே தெரியாது, மறுநாள் கொப்புளிக்கும்.”

நேற்றுச் சாயங்காலம் இதே விளக்கடியில் புத்தகம் படித்தது தாண்டவராயனுக்கு நினைவு வந்தது. அப்போது கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. தட்டினார், துடைத்தார், அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அதைச் சொல்லிவிட்டு, இப்போது கையை இறக்கப் போனார்.

“இறக்காதீங்க. நேத்து துடைச்ச மாதிரி துடைங்க. தோல்ல படாம.”

விரல் காதுக்குக் கீழே போய்த் தோள்பட்டைக்கு இறங்கியது. கோடு தொடங்கிய இடத்தில் தொடங்கி, முடிந்த இடத்தில் முடிந்தது.

அவர் முகம் சிவந்தது. கோபம் அப்படியே இருந்தது. யார் மேல் என்பதுதான் தெரியவில்லை.

“ஆனாலும் எரியுதே, அம்மா.”

“எரியும்” என்றார் சடையம்மை. “நமசிவாயத்துக்கும் எரியும். பஸ் வர்றதுக்குள்ள போங்க.”