திருப்பிக் கொடுக்கப் போன அரிசி

ஒரு ஊர்ல ஒருத்தர் கையில மஞ்சப்பையோட ஒரு வீட்டு வாசல்ல நிக்காரு. உள்ள போகவும் முடியல, திரும்பிப் போகவும் முடியல. பைக்குள்ள ரேஷன் அரிசி. அந்த வீட்டு அரிசிதான். அதை அந்த வீட்டுலயே திருப்பிக் கொடுக்கணும். கதவைத் தட்டக் கையைத் தூக்குதாரு, இறக்குதாரு. தூக்குதாரு, இறக்குதாரு.

யாருன்னு கேக்காத, சொல்லத்தான் போறேன். காலை ஆட்டாமப் படு. நடுவுல "ம்" சொல்லு. சொல்லலன்னா நிறுத்திருவேன்.

அவர் பேரு ஆசீர். கோயில்பிள்ளை. வேதக்கோயில்ல மணி அடிக்கது, பாய் விரிக்கது எல்லாம் அவர்தான். அன்னைக்குக் கோயில்ல அசனம். ஊரே ஒண்ணா உக்காந்து சாப்பிடும்லா, அது. அதுக்கு அந்த ஊர்ல ஒரு வழக்கம். ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற லெந்து நாள் நாப்பதும் ஒவ்வொரு வீட்டுலயும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியா டப்பாவுல போட்டு வைக்கணும். அசனத்துக்கு அதைக் கோயில்ல கொடுக்கணும். எல்லா வீட்டு அரிசியும் ஒரே அண்டாவுல வேகும். கேக்கியா?

ம்.

அந்த வீடு நேசம்னு ஒருத்தி வீடு. பீடி சுத்துதவ. புருசன் இல்ல. ஒரு நேரம் பொங்கி அதையே ரெண்டு நேரம் வச்சுச் சாப்பிடுவா. அதுலயும் ஒரு பிடி எடுத்து வச்சுக் கொண்டு கொடுத்திருக்கா.

அப்போ ராஜமணி அண்ணாச்சின்னு ஒருத்தர், கோயில் கமிட்டியில பெரிய ஆளு, அந்த வருசம் பொன்னி அரிசியா மூட்டை மூட்டையா இறக்கிட்டாரு. நேசத்தோட பையைப் பார்த்ததும் ஆசீரைக் கூப்பிட்டாரு.

"ஆசீரு, இதை அவகிட்டயே கொடுத்துரு. அவ வயித்தைக் கட்டி நாம வாங்கணுமா? சும்மா வந்து சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு."

நல்ல மனுசன்தான? எனக்கும் அப்படித்தான் இருக்கு. ஆனா கேளு.

அப்புறம் ஒரு வழியாக் கதவைத் தட்டிட்டாரு. டொக் டொக். நேசம் வந்தா. இவரு பையை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சிட்டாரு.

"வாங்கண்ணே. மணி அடிக்காம இங்க என்ன செய்திய?"

"சும்மாதான்."

"வெயில்ல வந்திருக்கிய, இருங்க."

கருப்பட்டி டப்பாவைக் கவுத்தி டங் டங்னு தட்டுதா. ஒரே ஒரு துண்டு விழுது. அதைப் போட்டுக் காப்பி கொடுத்தா. குடிச்சவரு எந்த வாயால சொல்லுவாரு? பையோட திரும்பி வந்துட்டாரு.

"கொடுத்தியா?"

"இல்ல அண்ணாச்சி."

"காப்பி மட்டும் குடிச்சியாக்கும்! போலே, போய்க் கொடுத்துட்டு வா."

ரெண்டாந்தடவை பையை முன்னாடியே நீட்டிட்டாரு. நேசத்துக்கு மூஞ்சி செத்துப்போச்சு.

"என் பைல்லா இது? கண்டுபிடிச்சிட்டாவளா?"

"என்னத்த?"

"நடுவுல ரெண்டு நாள் காய்ச்சல்ணே. உலையே வைக்கல. அந்த ரெண்டு பிடி குறையும். யாருக்குத் தெரியப்போகுதுன்னு கொடுத்துட்டேன்."

"ஐயோ, அது இல்ல நேசம்..."

எங்க கேக்கா? உள்ள ஓடி, அரிசிப் பானையை வழிச்சா. சரக் சரக். ராத்திரிக்குப் பொங்க வச்சிருந்த அரிசி. அவ்வளவையும் பைக்குள்ள போட்டுட்டா.

"என் வீட்டு அரிசி அண்டாவுல இல்லன்னா நான் எப்படிண்ணே பந்தியில உக்காருவேன்? எல்லாரும் சாப்பிட வருவாவ, நான் மட்டும் கையேந்தவா வரணும்?"

அப்போ பை முன்னைவிடக் கனமாயிட்டு. சிரிக்காத. ஆசீருக்கு அழுகையா வருது.

ம்.

அண்ணாச்சி பார்த்தாரு. "லே, கொடுக்கப் போனியா, பிடுங்கப் போனியா?" அப்புறம் பத்துக் கிலோ பொன்னியை ஒரு சாக்குல கட்டி ஆசீர் தோள்ல ஏத்தி விட்டாரு. "ரெண்டையும் வாசல்ல வச்சிட்டு வந்துரு. நான் கொடுத்தேன்னு சொல்லாத."

பாரு, பேரு கூட வேண்டாங்காரு. அவர் மேல எப்படிக் கோவப்படுவ?

ஆசீர் நடக்காரு. போன வாரம் பாதிரி ஐயர் பிரசங்கத்துல சொன்னது ஞாபகம் வருது. ஒரு ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில ரெண்டே காசு போட்டா, அதுதான் அவகிட்ட இருந்ததே. ஆண்டவர் அதைப் பார்த்துட்டுதான் இருந்தாராம். எடுத்துட்டுப் போம்மான்னு அவர் ஏன் சொல்லல? ஆசீருக்குப் புரியல. எனக்கும்தான் புரியல. நீ பெரியவனானா கண்டுபிடிச்சுச் சொல்லு.

மூணாந்தடவை வாசல்ல சாக்கை இறக்கினாரு. தொப்! நேசம் எட்டிப் பார்த்தா.

"இது யார் வீட்டு அரிசிண்ணே?"

ஆசீருக்குப் பொய் வராது. "அண்ணாச்சி வீட்டுது."

"அட பாவமே! அவுக வீட்டுதையும் அண்டாவுல போடலியா? அப்புறம் அவுக எப்படிப் பந்தியில உக்காருவாவ?"

ஆசீர் சாக்கையும் பையையும் மாத்தி மாத்திப் பாக்காரு.

"மலைச்சு நிக்கியளே! உலை கொதிச்சிருக்கும்ணே, ஓடுங்க, ஓடுங்க!"

அவளே சாக்கைத் தூக்கி அவர் தோள்ல வச்சு, பையைக் கையில திணிச்சு, முதுகுல கை வச்சுத் தள்ளிட்டா. ஆசீர் ஓடுதாரு. தடதடதட. கோயில் வளவுல அண்டா தளதளன்னு கொதிக்கு. அந்தப் பக்கம் இலை போட்டுட்டு இருந்த அண்ணாச்சி, "வச்சிட்டியா?"ன்னு சத்தம் போட்டுக் கேக்காரு.

ம்?

தூங்கலியா இன்னும்? அப்புறம் என்ன, பந்தி போட்டாவ. நேசம் தலையில எண்ணெய் வச்சு, நல்ல சேலை கட்டி, நடு வரிசையில நிமிந்து உக்காந்தா. அண்ணாச்சி எதிர் வரிசை. இந்த வருசம் சோறு ருசியா இருக்குன்னு ரெண்டாந்தடவை வாங்கினாரு. ரெண்டு பேருல யாரு நல்லவங்கன்னு என்னைக் கேக்காத. எனக்குத் தெரியாது. அண்டா கழுவிக் கவுத்தாச்சு, இலை எடுத்தாச்சு, கதையும் காலி. கண்ணை மூடு.

என்னது? வாசல்ல வச்சாரான்னா?

வைக்கச் சொன்னாவ. வைக்கல. பை, சாக்கு ரெண்டையும் அண்டாவுல கொட்டிட்டாரு. தூங்குலே.