மூன்று நிமிட நிறுத்தம்

“என் அணுவைக் குறுக்கே கோடு போட்டு அடிச்சிருக்கீங்க! எந்த உரிமையில?”

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கோதண்டபாணி துகள்முடுக்கியின் கட்டுப்பாட்டு அறைக்குள் வந்தார். முப்பது வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். இப்போது, தன் மகள் வயதுள்ள மரகதத்திடம் மாணவர்.

ஏழு மாதமாக பெர்க்கிலியம் தகட்டின் மேல் கால்சியம் கற்றையைப் பாய்ச்சுகிறார்கள். நூற்றுப்பதினேழாம் தனிமத்தின் ஓர் அணு பிறந்து சிதைந்தது என்று நேற்றுதான் எழுதியிருந்தார்.

“மூணு சிதைவு வரிசையா தெரிஞ்சாத்தானே அணுன்னு எழுதலாம்? மூணாவது எங்க சார்?” என்றாள் மரகதம்.

“ரெண்டு தெளிவா இருக்கே! மூணாவது கற்றையோட இரைச்சல்ல மூழ்கிருச்சு.”

“முதல் சிதைவு தெரிஞ்சதும் மணி அடிச்சு, கற்றை தானா மூணு நிமிஷம் நிற்கும். அந்த ஏற்பாட்டை எடுத்தது யாரு?”

“நான்தான்! அடிக்கிறதெல்லாம் பொய் மணி. ஒவ்வொண்ணுக்கும் மூணு நிமிஷம் கையைக் கட்டிட்டு உட்காரணுமா? நாளைக்கு மெஷின் வேற குழுவுக்குப் போகுது, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. காலையில திரும்பப் போட்டுட்டேன்.”

அவருக்குக் காது சுட்டது.

“அதான் காலையிலிருந்து பதினோரு தடவை நின்னுச்சா? கடைசி நாளையும் பாழாக்கிட்டீங்க! ஏழு மாசத்துல குழந்தையே பொறந்துடும், ஓர் அணு பொறக்கலையான்னு வீட்டுல கேலி பண்றாங்க. சும்மா உட்காரக் கத்துக்கவா உங்ககிட்ட வந்தேன்?”

மணி அடித்தது. கற்றை நின்றது. ஏழு மாதம் பழகிய ரீங்காரம் சட்டென்று அடங்கியது.

“பன்னிரண்டாவது பொய்!” பதிவேட்டை மேசையில் அறைந்தார்.

“மூணு நிமிஷம் பேசாதீங்க சார்.”

“ஏன், நான் கத்தறது உணர்கருவிக்குக் கேட்குமோ?”

“அதுக்குக் கேட்காது.”

பின்னே யாருக்கு என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை.

அறையில் ஒரே ஒரு சத்தம்தான் மிச்சமிருந்தது. உலைத் துருத்தி மாதிரி. அது தன் மூச்சு என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதுவும் தணிந்தது.

அப்புறம்தான் திரையைப் பார்த்தார். நெருக்கமாக இரண்டு சிதைவுக் கோடுகள். அவற்றுக்கு அப்பால் வெறும் கறுப்பு. கற்றை ஓடும்போது இரைச்சல் கோடுகள் புதராய் மண்டிக் கிடக்கும் இடம்.

அந்தக் கறுப்பில் மூன்றாவதாக மெல்லிய கோடு ஒன்று எழுந்தது. சுற்றிலும் எதுவுமில்லாமல், தனியாக.

மரகதம் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் எடுக்கவில்லை. இன்னும் ஒரு நிமிடம் பாக்கி இருந்தது.