உரிமையாளர் பேச்சியம்மன்

தாமிரபரணிக் கரையில் ஒரு சாமியார் இருந்தார். பெயர் மௌனசாமி. அவர் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. வயது முப்பத்தெட்டு. அவரைவிடப் பதினைந்து வயது மூத்த சிஷ்யை ஒருத்தி உண்டு, சண்முகவடிவு. கொலு பொம்மைகளுக்கும் வீட்டுச் சாமி சிலைகளுக்கும் சாண் அளவில் பட்டுப் பாவாடை தைத்து ஆன்லைனில் விற்பவள். கூட மூன்று பெண்கள் தைக்கிறார்கள்.

அன்று நாலு மணிக்கு மூச்சிரைக்க வந்தாள்.

“சாமி, வரிப் பதிவுக்கு விண்ணப்பிச்ச நம்பரை அஞ்சு மணிக்குள்ள காட்டணுமாம். இல்லேன்னா ஆன்லைன்ல கடையை மூடிருவாங்களாம். நவராத்திரிக்கு இருநூறு ஆர்டர் கிடக்கு.”

“விண்ணப்பிக்க வேண்டியதுதானே அம்மா?”

“ரெண்டு தடவை போட்டேன். ரெண்டும் திரும்பிருச்சு.”

மௌனசாமி அவள் செல்போனை வாங்கிப் பார்த்தார். ‘உரிமையாளர் பெயர்’ என்ற கட்டத்தில் ‘பேச்சியம்மன்’ என்று இருந்தது.

“இது யாரு?”

“எங்க குலதெய்வம். ஆரம்பத்துலயே அவ பேர்லதான் கடை போட்டேன். அப்ப எவனும் கேக்கல. கடை அவளுது சாமி. நான் தைக்கிற வேலைக்காரி.”

“ஓகோ. அதான் காலையில இங்க வந்தா.”

“யாரு?”

“பேச்சிதான். செருப்பில்லாம, வேகாத வெயில்ல. விண்ணப்பத்துக்குப் போட்டோ பிடிக்க ஸ்டூடியோவுக்குப் போயிருக்கா. ‘நாக்கை உள்ள போடுங்கம்மா, ரெண்டு கை போதும், மத்த ஆறையும் பின்னால மடக்குங்க’ன்னானாம். மடக்கிட்டா. அடுத்து கைரேகை. எந்தக் கைன்னு தெரியாம எட்டையும் வெச்சிருக்கா. மெஷின் புகைஞ்சு போச்சு. ‘இந்தப் பொம்பள என்னைய எதுல மாட்டிவிட்டிருக்கா’ன்னு ஒரே அழுகை. மோர் குடுத்து அனுப்பினேன்.”

சண்முகவடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. மணி நாலு முப்பத்தைந்து.

“விளையாடாதீங்க சாமி. என் பேரைப் போட்டா நாளைக்கு நோட்டீஸும் என் பேருக்குத்தான் வரும்.”

“அவ பேருக்கு வந்தா?”

“அவ பாத்துக்குவா.”

“தபால்காரர் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்?”

சண்முகவடிவு செல்போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

செல்போன் ஒலித்தது. தைக்கும் பெண்களில் ஒருத்தி. “யக்கா, பட்டை வெட்டட்டா, வேண்டாமா? சும்மாவே உக்காந்திருக்கோம்.”

“இருடி, சொல்லுதேன்” என்று வைத்தாள்.

மௌனசாமி கேட்டார்: “போன வாரம் ஒரு மதுரைக்காரம்மா, பாவாடை பிரமாதம்னு அஞ்சு நட்சத்திரம் போட்டாங்களே, யாருக்குப் போட்டாங்க?”

“எனக்குத்தான்! கொசுவம் ஒவ்வொண்ணும் நான் பிடிச்சதுல்லா!”

சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்தாள்.

நாலு ஐம்பது. ‘பேச்சியம்மன்’ என்பதை அழித்தாள். கட்டம் காலியாகக் கிடந்தது. விரல் அதன்மேல் போய் நின்றது, இறங்கவில்லை. நிமிர்ந்தாள். இப்போது கண்ணில் கோபம்.

“ஒன்பது வருஷமா ‘நான்’ங்கறதை விடு, விடுன்னு சொன்னது யாரு? நீங்கதானே? இப்ப நீங்களே என் பேரை எழுதச் சொல்றீங்க!”

“விடத்தான் சொன்னேன் அம்மா. பேச்சி தலையில கட்டச் சொல்லலையே.”

சண்முகவடிவு தன் பெயரின் முதல் எழுத்தைத் தட்டினாள்.