மிஞ்சிய பதினொரு முட்டைகள்

இதைச் சொல்லச் செங்கமலத்துக்குப் பயம். முன்னதைப் பின்னதாகச் சொல்லி யாருக்காவது கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிடுவோமோ என்று ஒவ்வொரு முறையும் தயங்குவாள். ஆகையால் நடந்த வரிசையிலேயே பார்ப்போம்.

அவள் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைப்பவள். அங்கே தலைமையாசிரியர் ஏகாம்பரம். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். மாவட்டக் கல்வி அதிகாரி ஜெசிந்தா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் ஏகாம்பரம் அவரைத் தன் குரு என்றே சொல்வார். ஜெசிந்தா கால் வைத்த பள்ளியெல்லாம் எழுந்து நின்றுவிடும் என்று மாவட்டமே பேசியது.

அவர் ஆய்வுக்கு வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் ஏகாம்பரம் சமையற்கூடத்துக்கு வந்தார்.

“செங்கமலம், நாளைக்கு அம்பது முட்டை அவிச்சாப் போதும்.”

“அறுபத்தொரு பிள்ளைங்க இருக்குதே சார்?”

“எழுத்துக் கூட்டத் தெரியாத பதினொண்ணையும் வீட்ல இருக்கச் சொல்லிட்டேன். ஒரு நாள்தானே.” வாசல் வரை போய்த் திரும்பினார். “உன் மக தேவகியும்தான். தப்பா எடுத்துக்காதே.”

செங்கமலம் தலையாட்டினாள். அவளையும் ஆறாம் வகுப்பில் இப்படித்தான் ஒரு நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அந்த ஒரு நாள் முடியவே இல்லை.

காலையில் முட்டைகளை முன்னால் வைத்துக்கொண்டு குழம்பினாள். ஐம்பது அவித்து, பிள்ளைகள் வந்து நின்றால்? எல்லாவற்றையும் அவித்து, சார் திட்டினால்? திட்டு பரவாயில்லை என்று அத்தனையையும் அவித்துவிட்டாள்.

ஐம்பது பிள்ளைகளும் கடகடவென்று வாசித்தார்கள். ஏகாம்பரத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. மதியம் ஜெசிந்தா பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவ வந்தவர் மிஞ்சிய முட்டைகள் இருந்த பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்.

“இதெல்லாம் யாரோடதும்மா?”

செங்கமலம் ஏகாம்பரத்தைப் பார்த்தாள். ஏகாம்பரம்தான் சொன்னார். மறைக்காமல் சொன்னார்.

“வாசிப்புல மாவட்டத்திலேயே எங்க ஒன்றியம்தான் மேடம் கடைசி. மேலே ஏற எனக்கு வேற வழி தெரியலை. நீங்களே சொல்லுங்க.”

ஜெசிந்தா பாத்திரத்தை மூடி அவர் கையில் கொடுத்தார்.

“வாங்க, கொடுத்துட்டு வந்துடலாம்.”

“என்ன சொல்லிக் கொடுக்கிறது மேடம்?”

“நேத்து அந்தப் பிள்ளைங்ககிட்ட என்ன சொன்னீங்களோ, அதையே சொல்லிக் கொடுங்க.”

செங்கமலம் வழி காட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். முதல் வீட்டில் ஏகாம்பரம் வாயைத் திறந்தார். நேற்றுச் சொன்னதைத் திரும்பச் சொல்ல முடியவில்லை. முட்டையை மட்டும் கொடுத்தார். இரண்டாவது வீட்டுப் பையன் ஆடு ஓட்டப் போயிருந்தான். ஊருக்கு வெளியே கரட்டு மேடு வரை நடந்துபோய்க் கொடுத்தார்.

“முட்டைக்கு வாத்தியாரே வர்றாரு. பாடத்துக்குத்தான் ஆளைக் காணோம்” என்றாள் ஒருத்தி, வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டே.

பத்து வீடு முடிவதற்குள் அவர் சட்டை நனைந்துவிட்டது.

“இந்தப் பத்துப் பேரையும் வெச்சுக்கிட்டு ஒன்றியம் எப்படி மேடம் மேலே வரும்?”

ஜெசிந்தா மூடியைத் திறந்து காட்டினார்.

“இன்னும் ஒண்ணு இருக்கு சார்.”

செங்கமலம் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். தேவகி வெளியே வந்தாள். முட்டைக்குக் கை நீட்டவில்லை.

“நாளைக்கு ஆய்வு இல்லையே சார்? நான் வரலாமா?”

ஏகாம்பரம் ஜெசிந்தாவைப் பார்த்தார்.

“உங்களைத்தான் கேக்கிறா சார்” என்றார் ஜெசிந்தா.

அவர் பாத்திரத்தைக் கீழே வைத்தார். பிறகு தேவகியின் தலையில் கை வைத்து, “வந்துடும்மா” என்றார்.

செங்கமலத்துக்குப் பயம் விடவில்லை. மறுநாள் மகளைக் கையில் பிடித்து வந்து, வகுப்பு வாசலிலேயே நின்றுகொண்டாள். வருகைப் பதிவேட்டோடு ஏகாம்பரமே வந்தார். பெயர்களைக் கூப்பிட்டார். “உள்ளேன் ஐயா” என்று தேவகியின் குரல் கேட்ட பிறகுதான் அவள் அடுப்புப் பற்றவைக்கப் போனாள்.