பேஸ் கேக்கல

குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு ஐம்பது தாண்டி, மீசையும் நரைத்துவிட்டது. மதுரை தெற்குவாசலில் ஒரு டயர் கடைக்கு மேலே பெனிட்டாவின் அறை. அங்கே கிடார் பழுதும் பார்ப்பாள், பாடமும் சொல்லித்தருவாள். சௌந்தரபாண்டி படியேறும்போதே "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டுக்கொண்டு வருவார். கீழே டயர் கடைக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து அலுத்துப்போய்விட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவர் சத்தமே இல்லாமல் ஏறி வந்தார். தோளில் கனத்த சத்தம் தருகிற பேஸ் கிடார், கையில் துணிப்பை. பையிலிருந்து இரண்டு அட்டைப்பெட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதுல எதை மாட்டலாம்னு சொல்லுங்க டீச்சர். ஏழு மணிக்குக் கச்சேரி."

இரண்டும் பிரீஆம்ப். பேட்டரியோடு கிடாரின் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு, கம்பியின் சத்தத்துக்கு மெருகு போட்டு வெளியே அனுப்புகிற சின்னச் சர்க்யூட்.

"இது என்ன செய்யும்?" என்றாள் பெனிட்டா.

"கனத்த சத்தம், நடுச் சத்தம், மெல்லிசு, மூணையும் கூட்டலாம், குறைக்கலாம்."

"அது?"

"அதுல குறைக்க வழி கிடையாது. கூட்டத்தான் முடியும். ஆனா ரெண்டு பேட்டரி. மாட்டுனா பந்தலே அதிரும்னு கடைக்காரர் சொன்னாரு."

சொல்லும்போதே அவருடைய விரல் அந்தப் பெட்டிமேல்தான் இருந்தது.

"இப்ப உங்க கிடாருக்கு என்ன குறைண்ணே?"

"கேக்கல."

"யாரு சொன்னது?"

"இத்ரீஸ் பாய்."

இத்ரீஸ் பாய் இன்னிசைக் குழுவின் தலைவர். டோலக் வாசிப்பதும் அவர்தான். மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்தே சௌந்தரபாண்டி அவருக்குப் பின்னால் நின்று பேஸ் வாசிக்கிறார். வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

"நேத்து ரிகர்சல்ல 'பேஸ் கேக்கல'ன்னு கத்துனாரு. சத்தத்தைக் கூட்டுனேன். அடுத்த பாட்டுலயும் 'பேஸ் கேக்கல'ங்கிறாரு. முழுசாத் திருகிட்டேன். வாசிப்பையே நிறுத்திட்டாரு டீச்சர். எல்லார் முன்னாலயும், 'நாளைக்கும் இப்படித்தான்னா பேஸை இனிமே கீபோர்டு இடது கையில பாத்துக்கட்டும்'னுட்டாரு."

அவர் துணிப்பையை மடித்து மேசைமேல் வைத்தார்.

"அப்படின்னா நான் வேணாம்னு அர்த்தம்."

பெனிட்டா பெட்டிகளைத் திறக்கவில்லை. "ரிகர்சலை யாராவது ரெக்கார்ட் பண்ணாங்களா?"

"என் போன்லயே இருக்கு."

"போட்டுப் பாத்தீங்களா?"

"எங்க நேரம்? விடிஞ்சதும் கடைக்கு ஓடுனேன்."

அவள் போனை வாங்கி ஸ்பீக்கரில் சொருகினாள். பாட்டு தொடங்கியது. ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது.

"பேஸ் கேக்குதா?"

"கேக்குது." சௌந்தரபாண்டியின் முகம் மலர்ந்தது. "நல்லாவே கேக்குது! பாருங்க, பாய்க்குத்தான் காது..."

பெனிட்டா பாட்டை முதலிலிருந்து வைத்தாள். "இப்ப பேஸை விட்டுட்டு மத்ததைச் சொல்லுங்க."

அவர் கண்ணை மூடினார். முதலில் தன்னைத் தவிர எதுவும் காதில் விழவில்லை. கொஞ்சம் பொறுத்து டோலக் வந்தது. அதற்கப்புறம் பாடுகிற பெண்ணின் குரல். பல்லவியின் கடைசி வரியை அவள் பாடி முடித்தாள். அது அவளுக்கே பிடித்துப்போய், இன்னொரு தடவை எடுத்தாள். டோலக் அவளோடு திரும்பியது. கீபோர்டும் திரும்பியது. பேஸ் மட்டும், யாரையும் திரும்பிப் பார்க்காமல், அடுத்து வரவேண்டிய இசைக்குள் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் தடுமாறி வரியைப் பாதியில் விட்டாள்.

ஸ்பீக்கருக்குள்ளிருந்து இத்ரீஸ் பாய் கத்தினார். "பேஸ் கேக்கல!"

உடனே பேஸ் சத்தம் இரண்டு மடங்கானது. அதற்குப் பிறகு அந்தப் பெண் பாடியது எதுவும் காதில் விழவில்லை.

பெனிட்டா போனை நிறுத்தினாள்.

"குழுவுல உங்களை எப்படிண்ணே கூப்பிடுவாங்க?"

"பேஸ்னுதான். 'பேஸ், டீ குடிச்சியா', 'பேஸ், வேன் வந்துருச்சு'. எங்க ஆளுக்குள்ள பேரு சொல்லிக் கூப்பிடுற பழக்கமே..."

அவர் போனைத் திரும்பிப் பார்த்தார்.

சௌந்தரபாண்டிக்கு அவமானமாக இருந்தது. பாய் சொன்ன பேஸ் கிடார் இல்லை, இவர்தான். நின்று கேளுய்யா என்று பாய் மன்றாடியிருக்கிறார். இவர் ஒவ்வொரு தடவையும் குமிழைத் திருகியிருக்கிறார். ஆனால் அவமானத்தை விடப் பயம் பெரிது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"புரிஞ்சிருச்சு டீச்சர். இப்ப எதை மாட்டட்டும்?"

பெனிட்டா கிடாரை வாங்கிக் கவிழ்த்தாள். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த பழைய ஒயர்களைச் சால்டரிங் அயர்னால் ஈயம் உருக்கி எடுத்தாள். சத்தம் கூட்டுகிற குமிழ் கழன்று வந்தது. மெருகு கூட்டுகிற குமிழும் வந்தது. கம்பிக்கடியில் இருக்கும் காந்தத்திலிருந்து வெளி ஒயர் செருகுகிற ஜாக்குக்கு நேராக ஒரே ஒயரை இழுத்துப் பற்றவைத்தாள். குமிழ் இருந்த இரண்டு ஓட்டைகளிலும் கறுப்பு டேப்பை ஒட்டினாள்.

சௌந்தரபாண்டி டேப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"சத்தம் கூட்டணும்னா?"

"மைக்செட்காரர் இருக்காரு."

"குறைக்கணும்னா?"

"விரல் இருக்கு."

"நடுவுல ஒரு சந்தேகம்னு வந்தா?"

"கேளுங்க."

"யார்கிட்ட?"

பெனிட்டா சால்டரிங் அயர்னைத் துடைத்து ஓரமாக வைத்தாள்.

அன்று ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா. பந்தல் நிறையக் கூட்டம். இத்ரீஸ் பாய் வணக்கத்துக்குக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கீபோர்டுக்காரரின் இடது கை கனத்த கட்டைகளின் மேலே தயாராக நின்றது. சௌந்தரபாண்டி அந்தக் கையைப் பார்த்தார், பிறகு பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

இரண்டாவது பாட்டு நேற்றைக்குக் கெட்டுப்போன அதே பாட்டு. வாசித்துக்கொண்டே இருந்தவருடைய வலது கை தன்னால் குமிழைத் தேடிப் போனது. விரலுக்கு டேப்தான் அகப்பட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சத்தம் போதுமா, போதாதா, கூட்டத்துக்கு எட்டுகிறதா, ஒன்றும் தெரியவில்லை. திருகுவதற்கும் ஒன்றும் இல்லை. வேறு வேலை இல்லாததால் கேட்டார்.

பல்லவியின் கடைசி வரி வந்தது. அந்தப் பெண் மூச்சு வாங்கினாள். முடிக்கிறவள் வாங்குகிற மூச்சு இல்லை அது. அடுத்த இசைக்குப் போகத் தூக்கிய விரலை சௌந்தரபாண்டி அப்படியே நிறுத்தினார். அவள் வரியைத் திரும்ப எடுத்தாள். டோலக்கும் பேஸும் ஒரே அடியில் போய் அவளோடு சேர்ந்தன.

இத்ரீஸ் பாய் திரும்பவில்லை. அடுத்த பாட்டிலும் திரும்பவில்லை. எப்போது என்று தெரியாது, கீபோர்டுக்காரரின் இடது கை அதன் பழைய வேலைக்குப் போய்விட்டிருந்தது.

திங்கட்கிழமை டயர் கடைக்காரர்கள் காதில் பழையபடி "டீச்சர்" விழுந்தது.

சௌந்தரபாண்டி மேசைமேல் ஒரே ஒரு பெட்டியை வைத்தார். கூட்டவும் குறைக்கவும் முடிகிற பிரீஆம்ப் அது.

"இன்னொண்ணு?"

"திருப்பிக் குடுத்துட்டேன். டோலக்கோட கனத்த பக்கம் விழுற இடத்துல என் சத்தம் குறுக்க நிக்குது டீச்சர். அந்த இடத்தைக் கொஞ்சம் குறைக்கணும்."

பெனிட்டா சால்டரிங் அயர்னைச் சூடேற்றினாள். கறுப்பு டேப்பை உரித்தாள்.

"பாய் என்ன சொன்னாரு?"

"வேன்ல ஏறும்போது, 'பேஸ், வியாழக்கிழமை பரமக்குடி, நேரத்துக்கு வந்துரு'ன்னாரு. அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு வாசிச்சேன் டீச்சர். நல்லா இருந்துச்சா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லலியே அந்த மனுசன்."

பெனிட்டா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க கேட்டீங்களா?"