பாறைத் துளசி

மாசிலாமணி மடத்துக்கு வந்து ஆறு மாதமாக ஒரே கேள்வியைத்தான் அரைத்துக்கொண்டிருந்தான். மடத்தில் பச்சிலை வைத்தியம் பார்க்கும் குரு செண்பகவல்லி அவனைவிட இரண்டு வயது இளையவர். அதிகம் பேசமாட்டார்.

“எங்கப்பா கை நீட்டாத நாளில்லை, தாயே. அந்தக் கோபம் எனக்கும் இருக்கு. பொண்ணு பொறந்ததும் பயந்து இங்க ஓடி வந்துட்டேன். ரத்தத்துல வந்தது போகுமா?”

குரு இரண்டு பொட்டலம் கொடுத்தார். இரண்டிலும் காட்டுத் துளசி விதை. ஒன்று உச்சிப் பாறையில் எடுத்தது. அங்கே செடி ஒரு சாண்தான், இலையெல்லாம் ரோமம். மற்றது ஓடைக்கரையில் எடுத்தது. செடி இடுப்பளவு, இலை வழவழப்பு.

“ஒரே பாத்தியில போடுங்க.”

மூன்று மாதமாகியும் பாறைச் செடி சாண் உயரம்தான்.

“பாத்தீங்களா! பிறவிக்குணம்!” வருத்தத்திலும் தன் வாக்கு பலித்ததில் அவனுக்கு ஒரு திருப்தி.

“தண்ணி எவ்வளவு ஊத்தினீங்க?”

“ஓடைச் செடிக்கு ஒரு குடம். இதுக்குக் கால் குடம். வறட்சிக்குப் பழகினதாச்சே.”

குரு வாய்விட்டுச் சிரித்தார். “பாறையை இங்கேயே கொண்டாந்துட்டீங்க. இதோட விதையை மறுபடி போடுங்க. ரெண்டுக்கும் ஒரே அளவு.”

அந்த முறை பாறைச் செடி முழங்காலைத் தொட்டு நின்றுவிட்டது. அதன் விதையையும் போட்டான். இந்த முறை இடுப்பு வரை வந்தது. குருவிடம் சொல்ல ஓடப் போனவன், ஓர் இலையைத் தடவிப் பார்த்தான். முகம் வாடிப்போனது.

“குள்ளம் போயிடுச்சு தாயே. ரோமம் போகலையே.”

“போகாமலே இருக்கலாம். சிலது பிறப்பு. சிலது தாய்ச்செடி பட்ட தாகம். அந்தத் தாகத்தை ரெண்டு மூணு தலைமுறை மறக்காது, அப்புறம் விட்டுடும்.”

“எங்கப்பா கோபம் இதுல எது?”

“எனக்குத் தெரியாது.”

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. “அப்ப இத்தனை மாசம் நான் எதுக்குத் தண்ணி ஊத்தினேன்?”

“ஒரு நாளாவது விட்டீங்களா?”

“காய்ச்சல்லகூட விடலை.”

“கோபத்துல?”

மாசிலாமணி யோசித்தான். “குடத்தை ரெண்டு தடவை போட்டு உடைச்சேன். தண்ணி ஊத்தாம இருந்ததில்லை.”

“உங்க பொண்ணுக்கு இப்ப நடக்கிற வயசு,” என்றார் குரு. “அங்க யார் ஊத்துறாங்க?”